ஒரு நொடி கூட நிற்காத நிலையம்

"டிரான்ஸ்மிட்டரை நிறுத்துங்க. அப்புறம்தான் கோபுரத்துல ஏறுவேன்."

சொல்லியே விட்டாள். வானொலி நிலையத்துக்குள் காலை வைக்கும் முன்பே சித்தப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: மேனேஜரிடம் எதை வேண்டுமானாலும் கேள், நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே. தான் வேலை பார்க்கும் கேபிள் போடும் கம்பெனியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வாயையும் மூடிக்கொண்டால் வேலை நிரந்தரமாகிவிடும் என்பது அவருடைய கனவு.

வேலை என்னவோ சின்னதுதான். கோபுர உச்சியில் புது ரேடியோ பெட்டி மாட்டியாகிவிட்டது. ஸ்டுடியோவிலிருந்து கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோய் அதில் செருக வேண்டும். ஆனால் பெட்டியை ஒட்டியே பழைய ஆன்டெனா. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது அந்த ஆன்டெனா முன்னால் போய் நின்றால், அது வீசும் அலையில் உடம்பு உள்ளுக்குள் வேகும்.

மேனேஜர் சிரித்தார். "ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு நொடி கூட நிக்காத நிலையம்மா இது. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு."

ஆதாரமாகச் சுவரிலிருந்த ஸ்பீக்கரைக் காட்டினார். ஸ்டுடியோவிலிருந்து நேராக வயர் இழுத்து, தனக்கென்றே மாட்டிக்கொண்டது. அதில் யாரோ மூலநோய்க்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடியிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் அறையை நானே பார்க்கிறேன் என்றாள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம்.

"கொஞ்சம் குறைச்சாவது வைங்க சார்" என்று சித்தப்பா நெளிந்தார்.

மேனேஜர் பெரிய மனசு பண்ணி எழுந்தார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். "போதுமா?"

"சார், அது உங்க காதுக்கு மட்டும்தான் குறையும்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. நிலைமையைச் சரிசெய்ய, கேபிளின் கீழ்முனையை முதலில் முடிப்போம் என்று சித்தப்பா அவளை ஸ்டுடியோவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நடைபாதையில் தரை தேய்க்கும் மிஷின் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது.

கேபிள் அழகாகத் தெரியட்டும் என்று அதைச் சின்னதாகச் சுருட்டி இறுக்கிக் கட்டினார் சித்தப்பா. இப்படி மடித்தால் ஒளி போகாது என்று அவள் கட்டை வெட்டினாள். அந்த நேரத்தில் அவர், ஒரு முனை ஸ்டுடியோ மிஷினில் செருகியிருந்த இன்னொரு கேபிளின் மறுமுனை மூடியைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார். கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"அந்த வெளிச்சம் உங்களுக்குத் தெரியாது சித்தப்பா. ஆனா கண்ணைப் பொசுக்கிடும்."

அடித்த வேகத்தில் நுனி போய் ஈரத் தரையில் விழுந்தது. வாசலில் மேனேஜர். கேபிள் போட வந்தவர்களா, அடித்துக்கொள்ள வந்தவர்களா என்று கேட்டவர், அவர்களுடைய முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: இன்றைக்கே முடியாவிட்டால் இரண்டு பேருமே நாளைக்கு வர வேண்டாம்.

அவள் நுனியைத் துடைத்து மூடி நிமிர்ந்தால் சித்தப்பாவைக் காணோம். வெளியே ஓடினாள். மனிதர் கேபிளை இடுப்பில் சுற்றிக்கொண்டு கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அண்ணன் மகளின் வேலைக்காக வேகத் தயாராகிவிட்டார்.

காலைப் பிடித்து இழுத்தாள். அவர் இறங்கினார், விழுந்தார் என்றும் சொல்லலாம். அவருக்கு அடியில் கேபிள் நறுக்கென்று முறிந்தது.

"கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்?" என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர்.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சித்தப்பாவின் சட்டைப் பையில் செருகினாள்.

"முதலாளிகிட்ட குடுத்துடுங்க. மறுபடி ஏறினீங்கன்னா சித்திகிட்ட சொல்லிடுவேன்."

பையை எடுக்க உள்ளே போய்த் திரும்பினாள். நடைபாதையில் துப்புரவுப் பணியாளரம்மா தரை தேய்க்கும் மிஷினை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள கிளம்பிட்டியே பாப்பா?"

"ஒரு நொடி கூட டிரான்ஸ்மிட்டரை நிறுத்த மாட்டாங்களாம்." அவளுடைய ஒரு கால் வாசலுக்கு வெளியே போய்விட்டது.

"மாடி ரூம்ல பச்சை லைட்டு எரியுமே, அந்தப் பெட்டியா? அதைப் பிடுங்கினாத்தானே என் மிஷினுக்கு பிளக் கிடைக்குது. தினமும் காலைல பிடுங்கிட்டு, மத்தியானம் போறப்ப மாட்டிட்டுப் போறேன். இத்தனை வருஷத்துல ஒரு ஆள் வந்து ஏன்னு கேக்கலையே."