மேற்குச் சுவரில் சன்னல் வராதது பற்றி

அன்னவாசல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் ஷாநவாஸ் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் தாஜுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அக்கா ஹமீதா பானுவும் மகள் ரூமானாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். துபாய் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். நீங்கள் என்னிடம் ஒப்படைத்த புது வீட்டு வேலையும் நடக்கிறது. போனில் பேசினால் பாதியில் அக்கா பிடுங்கிக்கொள்வாள் என்பதால், காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அடுத்த வாரம் வரும்போது ரூமானாவுக்கு வேறு லேப்டாப் வாங்கி வருவதாகச் சொன்னீர்களாம். வேண்டவே வேண்டாம். நான் வாங்கியதே போதும்.

“தனி கிராஃபிக்ஸ் உள்ளதாப் பாத்து வாங்குங்க மச்சான்” என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. புதுக்கோட்டைக் கடையில் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் படம் காட்டும் வேலையையும் பிராசசரே பார்த்துக்கொள்ளுமாம், மெமரியும் பொது. மற்றதில் படத்துக்கென்று தனிச் சிப்பு, தனி மெமரி, தனி ஃபேன். நானும் தம்பி அர்ஷத்தும் இன்றுவரை ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். நமக்கு எதற்குத் தனி? மேலும் பொதுவானது எடை குறைவு, சத்தம் கிடையாது, சார்ஜ் நெடுநேரம் நிற்கும், ஒரு பையும் இனாம் என்று அதையே வாங்கினேன். நல்ல பை, மூன்று ஜிப்.

பெட்டியைப் பிரித்த ரூமானா, “அத்தா, கல்யாண வீட்டு பிரியாணிய நம்ம வீட்டு அடுப்புல வைக்கச் சொல்றீங்க” என்றாள். இன்ஜினியர் எழிலரசன் ஆபீசில் அவளுக்கு வேலை கிடைப்பது ஒரே படத்தில் இருக்கிறது. உங்கள் வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அதை 3டி-யில் அசல் போலக் காட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டினால் சேர்த்துக்கொள்வாராம். அவளும் வரைந்துவிட்டாள். வெயிலும் நிழலும் சேர்த்துப் படமாக்கச் சொன்னபோதுதான் லேப்டாப் மூச்சுவாங்க ஆரம்பித்து, படம் கட்டம் கட்டமாக வந்து, நான் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்க்கையில் பிள்ளை தூங்கிவிட்டிருக்க, திரையில் கிழக்குப் பக்கம் ஜம்மென்று இருக்க, மேற்கே சன்னலே இல்லாமல் வெறும் சாம்பல் சுவர் நிற்க, துபாய்க்காரர் ஏசி போடுவார், சன்னல் எதற்கு என்று நானே சமாதானமாகி, அதைப் போனில் பிடித்துக் கொத்தனார் நாகராசுக்கு அனுப்பிவிட்டேன்.

“பிளான்ல சன்னல் இருக்கே பாய்?” என்று அவர் கேட்கத்தான் கேட்டார்.

“பிளான் பழசு, படம்தான் புதுசு. படத்தப் பாத்துக் கட்டுங்க” என்று நான்தான் சொன்னேன்.

லேப்டாப் அந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. நாகராசு உறையவில்லை. மூன்றே நாளில் சுவரைச் சன்னல் தலைக்கு மேலே லிண்டல் மட்டம் வரை ஏற்றிவிட்டார்.

இதில் லேப்டாப்பின் குற்றம் என்ன, சொல்லுங்கள். படத்தில் நிழல் எதற்கு? வீடு கட்டினால் நிழல் தானாக விழுந்துவிட்டுப் போகிறது. ஆனால் ஒன்பது நாளாக ரூமானா என்னோடு பேசுவதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “அத்தாவச் சாப்பிட வரச் சொல்லுங்கம்மா” என்கிறாள். அது உறைக்கத்தான் செய்கிறது.

ஆகவே லேப்டாப் வேண்டாம், நீங்கள் சுகமாக வந்து சேர்ந்தால் போதும். அறையில் கூட இருப்பவர்களுக்கும் என் சலாம் சொல்லுங்கள். உங்கள் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்,
தாஜுதீன்

பின்குறிப்பு: நேற்று மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், இவ்வளவு எழுதியது வீணாகிவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் தனி கிராஃபிக்ஸ் உள்ளதைத் தட்டிக்காட்டி, “இது இருந்தா ஒங்க மக சென்னைக் கம்பெனிலயே வேலைக்குச் சேரலாம் பாய்” என்றார். அதைக் கேட்டுப் பயந்துவிட்டேன். ஒரே பிள்ளை. அவள் வரும் புதுக்கோட்டை பஸ் கால் மணி நேரம் தாமதித்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. எடை, சார்ஜ் எல்லாம் சாக்கு. இன்று காலை சன்னல் வைக்க மேற்குச் சுவரை உடைத்தோம். எங்கே உடைப்பது என்று நாகராசு கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. ரூமானா டேப் பிடித்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டு, “இங்கிட்டு ஒரு அடி தள்ளி ஒடைங்கண்ணே” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் உடைத்தார். வெளிச்சம் உள்ளே வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “எப்படி இருக்கு அத்தா?” என்றாள். தனி கிராஃபிக்ஸ் உள்ளதையே வாங்கி வாருங்கள் மச்சான். பை மட்டும் வேண்டாம், அது நம்மிடம் இருக்கிறது.