வண்டுக்குத் தன் பேரை வைத்த ஊர்

சின்னமனூருக்கு மேற்கே கொக்கரைப்பட்டியில், நாகஜோதி குத்தகைக்குப் பிடித்திருந்த வாழைத்தோட்டத்தில் ஒரு கூன்வண்டு குடியேறியது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. தண்டுக்குள் முட்டையிட்டது, புழு குடைந்தது, பிசின் வடிந்தது, குலை தள்ளிய மரங்கள் காத்தடித்தால் இடுப்பொடிந்து விழுந்தன.

இந்தத் தார்களை வெட்டி விற்றால்தான் நிலத்துக்காரர் அடுத்த குத்தகைக்கு நிலத்தை விடுவார். இல்லையென்றால் நாகஜோதி பழையபடி அடுத்தவர் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். மருந்துக் கடைக்குப் போய் எதையாவது வாங்கி அடித்திருந்தால் கதையே இல்லை. அவளோ முறைப்படி நடப்போமே என்று ஆபீசுக்குப் போனாள்.

இருமல் மருந்து பாட்டிலில் வண்டைப் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். வேளாண் அலுவலர் தங்கப்பாண்டியன் பாட்டிலைப் பார்த்தார். சுவரில் தொங்கிய பூச்சிப் படத்தைப் பார்த்தார்.

"இது முதுகுல ரெண்டு வெள்ளைக் கோடு இருக்கேம்மா. படத்துல உள்ள வண்டுக்குக் கோடு கெடையாது."

"கோடு கெடக்கட்டும் சார். மரம் விழுகுது, மருந்து சொல்லுங்க."

"எந்தப் பூச்சிக்குன்னு எழுத? பேர் இல்லாத பூச்சிக்கு மருந்து எழுதுனா தணிக்கையில கேப்பாக. இப்படி ஒரு வண்டு இருக்கிறதே அரசாங்கத்துக்கு இன்னும் தெரியாது."

"எங்க மரத்துக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதினார்.

மேலிடம் பூச்சி ஆராய்ச்சியாளர் முனைவர் ஜெபமணியை அனுப்பியது. விழுந்து கிடந்த ஒரு வாழையின் மேல் ஏறி நின்றுகொண்டு, நிற்கிற வாழையில் இருந்த வண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா! இது உலகத்துல வேற எங்கயும் பதிவாகாத இனம்!"

"சந்தோசங்க. எப்பக் கொல்லலாம்?"

முனைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். முதலில் வண்டை வர்ணித்து எழுத வேண்டும். அப்புறம் பேர். பேர் வந்த பிறகு மருந்து. அதுவரை வண்டு தன் இயற்கைச் சூழலில் எவ்விதத் தொந்தரவுமின்றி வாழ்ந்து வரல் வேண்டும்.

"அதோட சூழல் என் தோட்டங்க."

"அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு பெருமை."

நாகஜோதி ஏற்கெனவே வாழைத்தண்டை நெடுக்காகப் பிளந்து ஆங்காங்கே கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த வாசனைக்கு வந்து ஒட்டிய வண்டுகள் ஒரு வாளி இருந்தன. மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் கொட்டப் போனவளைத் தங்கப்பாண்டியன் தடுத்தார். முனைவர் லட்சணமான வண்டுகளாகப் பார்த்துக் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டார்.

"மிச்சத்தை எடுத்த எடத்துலயே விட்டுரணும். அதுதான் நெறிமுறை."

"எடுத்த எடம் என் வாழைதானே!"

"அங்கனயே விடுங்க" என்றார் தங்கப்பாண்டியன். "இல்லேன்னா நிவாரணப் பட்டியல்ல உங்க பேரு வராது."

உலகத்தில் எந்த வெள்ளாமைச் சம்சாரியும் செய்யாத வேலையை நாகஜோதி செய்தாள். தன் கையாலேயே வண்டுகளை மரத்துக்கு மரம் மரியாதையாகக் கொண்டுபோய் விட்டாள்.

முனைவர் வர்ணனை எழுதி வாசித்துக் காட்டினார்: "உடல் கருமை. வயிறு பருத்தது. மந்த நடை. யாரேனும் அணுகினால் செத்தது போல் அசையாமல் கிடக்கும். அவர்கள் போனதும் தின்னத் தொடங்கும்."

நாகஜோதி ஒருதரம் தங்கப்பாண்டியனைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

வண்டு கிடைத்த ஊரின் பேரையே அதற்கு வைக்கலாம் என்று முனைவர் சொன்னார். வந்தது வினை. தோட்டத்தின் கடைசி வரிசை ஓணான்குளம் எல்லையில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் டிராக்டரில் வந்து இறங்கினார்கள்.

"வண்டு எங்க எல்லையில பொறந்தது!"

கொக்கரைப்பட்டிப் பெரியதனம் கருத்தக்கண்ணன் துண்டை உதறினார். "உங்க ஊருக்குத்தான் ஓணான் இருக்குல்லய்யா? எங்களுக்குன்னு ஒரு வண்டு இருந்தாப் பொறுக்கலயா?"

சர்வேயர் சங்கிலி பிடித்தார். சங்கிலிக்கு வழிவிட நாலு வாழையை வெட்டினார்கள். ஊர் முகப்பில் கிரீடம் வைத்த வண்டுடன் பிளக்ஸ் எழும்பியது. பக்கத்தில் கும்பிட்டபடி நின்றது நாகஜோதியின் புருஷன் விஜயபாண்டி. கீழே 'கொக்கரைப்பட்டியின் கொடுக்குச் சிங்கம்!' என்று எழுதியிருந்தது. வண்டுக்குக் கொடுக்கு கிடையாது. விஜயபாண்டியும் தோட்டத்துப் பக்கம் போனது கிடையாது.

தேனி ஜவுளிக் கடையில் கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட 'வண்டுச் சேலை' வந்தது. நாகஜோதியின் நாத்தனார் திரிஷா அதைக் கட்டிக்கொண்டு வந்து, வாழைக்கு நடுவில் நின்று ரீல்ஸ் எடுத்தாள்.

"மதினி, இந்த மரம் மறைக்குது. சாய்ச்சுக்கிரவா?"

"நீ சாய்க்க வேணாம் ஆத்தா. சும்மா நில்லு, அதுவே விழும்."

விழுந்தது.

"ஏய்யா, என்ன பேரு வேணும்னாலும் வைங்க, வெரசா வைங்கய்யா!" என்று நாகஜோதி ஊர்க்கூட்டத்தில் கத்தினாள். பொம்பளைக்குப் பெருமை புரியவில்லை என்று கூட்டம் முடிவு செய்தது.

கடைசியில் கொக்கரைப்பட்டிதான் ஜெயித்தது. 'கொக்கரைப்பட்டியென்சிஸ்' என்று பேர் அச்சாகி வந்தது. தோட்டத்திலேயே விழா. பந்தல் வாசலில் கட்டக் குலை வாழை வேண்டும். தோட்டத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஓணான்குளத்தில் போய்க் கெஞ்சி வாங்கி வந்து, முந்தின நாளே கட்டி வைத்தார்கள். பசியில் கிடந்த வண்டுகள் ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஏறிக்கொண்டன.

மேடையில் தங்கப்பாண்டியன் நாகஜோதிக்குப் பொன்னாடை போர்த்தி, மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தார். "இனி தாராளமா அடிக்கலாம்மா!"

"எதுல சார்?"

கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. நன்றியுரை முடிந்ததும் ஜனம் எப்போதும்போல வாசல் வாழை மேல் பாய்ந்தது. குலை ஒருத்தர், பொரியலுக்குத் தண்டு ஒருத்தர் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வண்டும் போனது. மழைக்காலம் முடிவதற்குள் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டு இல்லாத வாழை அபூர்வமாகிவிட்டது. எல்லைச் சண்டைக்கு டிராக்டரில் வந்த அதே ஓணான்குளத்துக்காரர்கள், "அது கொக்கரைப்பட்டி வண்டு, பேரைப் பாருங்க" என்று கை கழுவினார்கள்.

கேரளத்து வியாபாரி லாரியிலிருந்து இறங்கவே இல்லை. "கொக்கரைப்பட்டிக் காயோ? வேண்டா சேட்டா, வேண்டா."

வண்டின் பேரை மாற்றச் சொல்லி ஊரே முனைவரிடம் போனது. அவர் வருத்தத்தோடு கையை விரித்தார். "அச்சான பேரை மாத்த முடியாது. அது உலக விதி."

கருத்தக்கண்ணன் யோசித்தார். "அப்ப நம்ம ஊர்ப் பேரை மாத்திருவோம்."

எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. மனுவோடு நாகஜோதியிடமும் வந்தார்கள்.

"ஊர்ப் பேரை மாத்துனா வண்டு போயிருமாண்ணே?"

"போகாது தாயி. ஆனா அது நம்ம வண்டு இல்லேன்னு ஆயிரும்ல? நம்ம ஊர்க் காய் வித்தாத்தானே நிலத்துக்காரரு உனக்கு மறுபடி குத்தகை விடுவாக?"

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் குத்தகையை நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். புதுப் பேருக்காக நடந்த சண்டையில் மூன்று பேர் மண்டை உடைந்தது. அதனால் ஊருக்கு 'ஒற்றுமைபுரம்' என்று பேர் வைத்தார்கள்.

அடுத்த வாரம் நிவாரணம் கேட்டு எல்லாரும் ஆபீசுக்குப் போனார்கள்.

"கொக்கரைப்பட்டி மனுவெல்லாம் முடிச்சு வச்சாச்சு" என்றார் தங்கப்பாண்டியன். "அந்த ஊரு இப்ப இல்லேல்ல? இல்லாத ஊருல சேதம் எப்படி ஆகும்?"

"அப்ப ஒற்றுமைபுரம்னு புதுசா எழுதித் தாரோம்" என்றார் கருத்தக்கண்ணன்.

"அது பொறந்து ஒரு வாரந்தான் ஆகுது. அதுக்குள்ள அங்க என்னய்யா சேதம்?"

"அப்ப என் தோட்டம் எந்த ஊருல சார் அழிஞ்சது?" என்று கேட்டாள் நாகஜோதி.

தங்கப்பாண்டியன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வெளியே போனதும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்தார்.

"எங்க போகணும்?"

"ஒற்றுமைபுரம்" என்றார் கருத்தக்கண்ணன் கெத்தாக.

"அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாது. எறங்குங்க."

ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள். பழைய பேரைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நாகஜோதிதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"வண்டு ஊருக்குய்யா."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.