மூன்றே வாக்கியத்தில் ஒரு பெற்றோர் கூட்டம்

நிர்வாகக் கலையின் உலக வரலாற்றை என்றாவது யாராவது எழுத உட்கார்ந்தால், அதில் இந்தத் தலைமையாசிரியருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். ஒதுக்காவிட்டால் அது வரலாறே அல்ல, வெறும் காகிதம். ஆசிரியர் ஒருவர்கூட இல்லாமல் ஆசிரியர்-பெற்றோர் கூட்டம் நடத்திக் காட்டிய மகான் அவர்.

இந்தச் சாதனைக்கு ஒரு பின்னணி உண்டு. நாலு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு விடைத்தாள் திருத்துவது, நாடகம் பழக்குவது, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்து அனுப்புவது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார்.

"அதெல்லாம் வேலையே இல்ல. 'சேவை'! சேவைக்குச் சம்பளம் குடுத்தா சேவைக்கே அவமானம்."

ஆசிரியர்கள் இந்தத் தத்துவத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஒப்பந்தத்தில் உள்ள வேலையை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்தார்கள். நாலு மணி அடித்ததும் சாக்பீஸ் பாதி எழுத்தில் நின்றது. கரும்பலகையில் ஒரு தவளை பின்னங்கால் இல்லாமலே விடியும்வரை காத்திருந்தது. தவளை வரைந்த அறிவியல் டீச்சர், தலைமையாசிரியரின் மனைவி. நிர்வாகத்தில் இதெல்லாம் சகஜம்.

அந்த நேரம் பார்த்து மாலை ஆறு மணிப் பெற்றோர் கூட்டம் வந்து சேர்ந்தது. பள்ளியின் தாளாளர் தலைமையாசிரியரைத் தனியே கூப்பிட்டார்.

"எச்.எம். சார், கூட்டத்தைத் தள்ளிப்போட்டா நாம பணிஞ்சிட்டோம்னு ஆயிடும். நீங்க ஒருத்தரே சமாளிங்க. சமாளிச்சிட்டா, புதுசா கட்டற பள்ளிக்கூடத்துக்கு நீங்கதான் முதல்வர்."

"பிள்ளைங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்?"

"நிர்வாகிக்கு எதுக்கு சார் அதெல்லாம்?"

தலைமையாசிரியருக்கு ஞானம் பிறந்தது. பத்து வருடமாகக் காத்திருந்த பதவி அது.

கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். தாளாளர் கடைசி நாற்காலியில் அமர்ந்து கண்காணித்தார். முதல் தகப்பனார் வந்தார். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

"நல்ல பிள்ளை. திறமை நிறைய இருக்கு. கொஞ்சம் கவனம் வெச்சா எங்கேயோ போயிடுவான்."

தகப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கரெக்டா சொன்னீங்க சார்! இதையேதான் நானும் தலைபாடா அடிச்சிக்கிறேன்!"

அடுத்து வந்த அம்மாவிடம் 'போயிடுவான்' என்பதை 'போயிடுவா' என்று மாற்றினார். அவ்வளவுதான் உழைப்பு. வரிசை மளமளவென்று நகர்ந்தது. எல்லாரும் தங்கள் பிள்ளையைத்தான் அவர் இத்தனை நாளாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பூரித்துப்போனார்கள். ஓர் இளைஞர் வந்து நின்றார். அவருக்கும் மூன்று வாக்கியமும் கிடைத்தது.

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. டியூப் லைட்டு மாட்டியாச்சுன்னு சொல்ல வந்தேன்."

"ஆகும் தம்பி. கொஞ்சம் கவனம் வெச்சா ஆகும்" என்றார், அசராமல்.

தாளாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தலைமையாசிரியர் உற்சாகத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்ல பிள்ளை. திறமை நிறைய..." என்று தொடங்கினார்.

"சார்."

குரல் தெரிந்த குரல். எதிரே மனைவி.

"டீச்சர்! நாலு மணிக்கு மேல யாரும் வரமாட்டோம்னு சொன்னீங்களே?"

"டீச்சர் வரல சார். அம்மா வந்திருக்கேன். ஏழாம் வகுப்புப் பொண்ணு. எப்படி இருக்கா?"

அவர் தாளாளரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விளையாடாத. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு எப்ப வர்றீங்க? வரும்போது அவ தூங்கிடறா. கிளம்பும்போது அவ எழுந்திருக்கிறதில்ல. உங்களைப் பிடிக்கணும்னா இங்கதான் வரிசையில நிக்கணும்."

"ஏன், நல்லாத்தானே இருக்கா?"

"அவ பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு வேற ஊருக்குப் போயிட்டா. அதுலேருந்து வகுப்புல யாரோடயும் பேசறதில்லைங்க. என்கிட்டயே வாய் திறக்கல. அவ மிஸ்தான் பள்ளி விட்டதும் தினம் கூட உக்காந்து பேச வெச்சிட்டிருந்தாங்க. இப்பதான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருந்தா."

"இப்ப?"

"இப்ப அது 'சேவை' ஆயிடுச்சே."

மகள் கடைசியாகத் தன்னிடம் என்ன பேசினாள் என்று தலைமையாசிரியர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எழுந்துவிடலாமா என்று நாற்காலியின் கையைக்கூடப் பிடித்தார்.

"எச்.எம். சார், லைன் பெருசா நிக்குது!" என்று தாளாளர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

பிடித்த கை தளர்ந்தது. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"கொஞ்சம் கவனம் வெச்சா..."

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போனார்.

வரிசை முழுவதும் முடிந்தது. தாளாளர் அங்கேயே, அப்போதே, கைதட்டலுக்கு நடுவில் புதிய முதல்வரை அறிவித்து, அவர் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார். கூட்டம் மாபெரும் வெற்றி என்பதில் இன்றுவரை யாருக்கும் சந்தேகமில்லை. அன்று மனம் நிறையாமல் வீடு திரும்பிய பெற்றோர் இரண்டே பேர். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் மாலை போட்டுக்கொண்டு போனார்.