இருவர் பெஞ்சில் ஒரே ஆள்

பொம்மனஹள்ளி, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி வெங்கடகிருஷ்ணனுக்கு அத்திம்பேர் அனந்தபத்மநாபன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. உபயகுசலோபரி என்று ஆரம்பித்துவிட்டு அடித்துவிட்டேன். உபயம் என்றால் இரு பக்கமும். உன் பக்கத்துக் குசலம் எனக்கு மூன்று வருடமாகத் தெரியாது. இந்தப் பக்கம் நாங்கள் சௌக்கியம் என்று எழுதி, 'நாங்கள்' என்பதையும் அடித்து 'நான்' என்று திருத்தியிருக்கிறேன். உன் அக்கா ஜெயலக்ஷ்மி போய் நாலு வருடமாகியும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அடித்தல் திருத்தலை மன்னிக்கவும்.

போன் செய்திருக்கலாமே என்பாய். நீ எடுக்க மாட்டாயோ என்று பயம்; எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று அதைவிடப் பயம். விஷயம் ஒரு பெஞ்சைப் பற்றியது.

எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் மமதா என்று ஒரு பெண் இருக்கிறாள். பால்கனியில் போட இரண்டு பேர் உட்காரும் மரப் பெஞ்ச் செய்வித்து ஆன்லைனில் விற்கிறாள். வாங்குபவர்கள் பெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் படம் லட்சணமாக இருக்க வேண்டுமென்று, கட்டைவிரல் உயரப் பூச்சாடி ஒன்றைப் பெஞ்சின்மேல் வைத்துப் படம் எடுத்தாள். சாடியைப் பெரிய சாடி என்று நினைத்தவர்கள் பெஞ்சை சோபா என்று நினைத்து வாங்கி, பெட்டியைப் பிரித்ததும் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர், 'கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே' என்று எழுதியிருந்தாராம்.

"அங்கிள், நீங்க பி.டபிள்யூ.டி.ல டிராயிங் போட்டவர்தானே? சைஸ் ஸ்வல்பம் புரியற மாதிரி ஏதாச்சும் செஞ்சு கொடுங்களேன்" என்று கதவைத் தட்டினாள். என்னிடம் ஒருவர் ஒரு வேலை சொல்லி எவ்வளவு காலமாயிற்று! மூன்று நாள் உட்கார்ந்து மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் வரைந்து, பழக்கதோஷத்தில் மூலையில் வடக்கு நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டேன். பெஞ்சுக்கு வடக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண். அப்படியே போட்டாள். பதினோரு நாளில் ஒரு பெஞ்சும் விற்கவில்லை. வீட்டு வரைபடம் என்று நினைத்து ஒரே ஒரு விசாரணை வந்தது: "லிஃப்ட் இருக்கா? காவிரித் தண்ணி வருதா?"

தப்பு என்னுடையதுதான் என்று தோன்றியதால் நானே மேலே போய், கட்டடத்தின் உயரம் புரிவதற்குப் பக்கத்தில் ஒரு மனிதனை வரைந்து நிறுத்துவது எங்கள் ஆபீஸ் வழக்கம் என்றேன். "அப்போ நீங்களே உக்காருங்க அங்கிள்" என்றாள். முப்பத்தாறு வருடம் பாலங்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் பக்கத்தில் முகமில்லாமல் வரைந்து வைத்த அந்த ஆளாக நானே ஆனேன். என் பால்கனியில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை வெயில் நன்றாக விழுகிறது என்று சாம்பிள் பெஞ்சை இங்கேயே கொண்டுவந்து போட்டாள். நான் இடது ஓரமாக உட்கார்ந்தேன். "ஐயோ அங்கிள், பக்கத்துல யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்திரண்டு வருடம் எதிலும் இடது பக்கமே உட்கார்ந்தவன் நான். நடுவே நகர்ந்தேன், ஒற்றை ஆள் சீட் மாதிரி இருக்கிறது என்றாள். கேமராவை டைமரில் வைத்துவிட்டு அவளே ஓடிவந்து பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். நாலு படத்தில் அவள் முதுகு, ஒன்றில் பின்னல் மட்டும். வலது பக்கம் என் குடையை வைத்துப் பார்த்தேன். "ஆஸ்பத்திரில டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிங்க." சிரித்தேன். "பேட, வேண்டாம் அங்கிள், சிரிக்காதீங்க."

கடைசியில், "உங்க வயசுல ஃப்ரெண்ட் யாராச்சும் இருக்காங்களா? ரெண்டு பேரா உக்காந்தா சரியாயிடும்" என்றாள். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஏழு பெயர் வந்தது. ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள். கோவிந்தன் டல்லாஸில் மகனோடு இருக்கிறான். ஏழாவது நீ.

உன் பெண் அனன்யா கல்யாண விஷயத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பத்திரிகையில் எண்களைக் கொடி மாதிரி சுழித்து, தங்க மையில் அச்சிட்டிருந்தாய். ஆறு மணி என்றிருந்தது எனக்கு ஒன்பது மணியாகத் தெரிந்தது. வழக்கம்போல் கால் மணி முன்னதாக எட்டே முக்காலுக்கு வந்தால் இரண்டாம் பந்தி நடக்கிறது. எல்லார் முன்னிலையிலும், "அக்கா இருந்திருந்தா அஞ்சு மணிக்கே வந்து நின்னிருப்பா அத்திம்பேர்" என்றாய். நீ சொன்னது நியாயம். ஆனால் அந்தப் பத்திரிகையில் சிவப்பு மையால் ஆறைச் சுழித்து, இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்தி உனக்கே தபாலில் அனுப்பினேனே, அது குற்றம் சொல்ல அல்ல. நான் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை என்பதற்கு ஆதாரம். ஆதாரம் அனுப்புகிற இடம் அதுவல்ல என்று இப்போதுதான் புரிகிறது.

வருகிற சனிக்கிழமைக்குள் இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் மமதா மாடல்களை வைத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்வாளாம். பெஞ்சும் போய்விடும். காலையில் என் கதவைத் தட்டவும் யாருக்கும் காரணம் இருக்காது. நீ இருக்கும் அத்திபெலேயிலிருந்து இங்கே ஒரே பஸ்தான். இருக்கை நீளம் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். எனக்கு நாற்பது; கல்யாணத்தில் பார்த்த ஞாபகத்தில் உனக்கு ஐம்பத்தைந்து. நடுவில் பதினைந்து மிஞ்சும். கோபத்தோடு உட்காருகிறவர்களுக்கு அது போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாலும் படம் நன்றாகத்தான் வருமாம், கேட்டுவிட்டேன்.

அனன்யாவுக்கும் மாப்பிள்ளை ஸ்ரீஹர்ஷாவுக்கும் என் ஆசீர்வாதம், அக்கா சார்பிலும் சேர்த்து. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. எனக்குக் கோபம் வராது.

இப்படிக்கு,
அனந்தபத்மநாபன்

பி.கு.: திங்கட்கிழமை. உறையை ஒட்டுவதற்குள் மமதா ஓடிவந்தாள். வேறு படம் இல்லையே என்று, அந்தக் குடைப் படத்தையே நேற்றுத் தற்காலிகமாகப் போட்டாளாம். 'தாத்தா குடையைப் போட்டு யாருக்கோ சீட் பிடிச்சு வச்சிருக்கார்' என்று யாரோ எழுத, அது ஊரெல்லாம் சுற்றி, இருந்த பதினான்கு பெஞ்சும் விற்றுப்போயிற்று. "காலி சீட்தான் ஹிட்டு அங்கிள்! இனிமே ஆள் வேண்டாம். உங்க ஃப்ரெண்டைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். ஸ்டுடியோவும் இல்லை. சாம்பிள் பெஞ்சை எனக்கே கொடுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதிய காரணம் அனைத்தும் ரத்து. படத்துக்காக நீ வர வேண்டியதில்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். வேறு காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. காரணமில்லாமல் வா. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எண்ணில் எழுதவில்லை, கவனி. குடை அதுவரை அங்கேயே இருக்கும்.