கண்ணுக்கு ஒரு சொட்டு ஞானம்

அந்த மண்டபத்தில் ஞானம் கண் வழியாகத்தான் ஊற்றப்பட்டது. கண்ணுக்கு ஒரு சொட்டு. ஊரே ‘ஒளி ஐயா’ என்று கும்பிட்ட பெரியவர், சின்னக் குப்பியிலிருந்து சொட்டு விடுவார். பக்தர்கள் இருட்டில் அரைமணி நேரம் கண்மூடிக் கிடப்பார்கள். பிறகு விளக்கைப் போட்டால் போதும், ஆளாளுக்குக் கண் கூசி, “பார்த்துட்டேன்! பேரொளியைப் பார்த்துட்டேன்!” என்று தேம்புவார்கள். ஒரு குழல்விளக்குக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

தையல்காரருக்கு வாராவாரம் முதல் வரிசை. திரும்பி வந்தால் தூரத்து மரம் தெரியும். கையிலிருக்கும் ஊசி தெரியாது.

“கிட்ட இருக்கறதெல்லாம் மாயை. அதான் மறையுது” என்றார் ஐயா.

அந்த மாயையில்தான் தையல்காரருக்குப் பிழைப்பு. போன வாரம் ஒரு கோட்டுச் சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். “இன்னொரு துணி கெட்டுச்சுன்னா, வீட்டுல உக்காந்து ஞானத்தைத் தைங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனிதர் அவர். பக்தி போதவில்லை என்று முடிவுகட்டி, இந்த முறை மனைவியையும் அழைத்துப் போய், முதலில் அவளையே உட்கார வைத்தார்.

“ஐயா, குப்பியில என்ன இருக்கு?” என்றாள் அவள்.

“வெறும் தண்ணிம்மா. சக்தி எல்லாம் இந்தக் கையிலதான்.”

கூட்டம் கைதட்டியது.

“நல்லதாப் போச்சு. வலது கண்ணுக்கு உங்க குப்பி. இடது கண்ணுக்குக் குழாய்த் தண்ணி. அதே கை, அதே மந்திரம்.”

“சோதிக்கக் கூடாதும்மா.”

“சோதிக்கலையே. உங்க கையை நம்புறேன்.”

“சொட்டு விடுங்கய்யா!” என்று எல்லாரும் கத்தினார்கள். தையல்காரர் குரல்தான் உரக்கக் கேட்டது. ஐயா வேறு வழியில்லாமல் அவள் சொன்னபடியே இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார்.

அரைமணி கழித்து விளக்கு எரிந்தது. தையல்காரர் நாலடி தள்ளி நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். வலது கண்ணின் பாப்பா சட்டைப் பொத்தான் மாதிரி விரிந்திருந்தது. இடதில் கடுகளவு.

“இடது கண்ணுல பாவம் ஜாஸ்தி” என்றார் ஐயா.

“அப்போ அதுலயும் குப்பியைச் சாய்ங்க. பாவம் போகுதான்னு பார்ப்போம்.”

ஐயா குப்பியை மடியில் செருகிக்கொண்டார். அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“கண் டாக்டர்கிட்ட கேட்டுட்டுதாங்க வந்தேன். நரம்பு முனையில ஒரு ரசாயனம் கசியுமாம். அது தசையைப் போய்ச் சேர்ந்தாத்தான் பாப்பா சுருங்கும், ஊசிக் காதும் தெரியும். அந்தச் சேதி நுழையுற வாசலை அடைச்சுக்கற மருந்து ஒண்ணு இருக்காம். அதைத்தான் இவர் ஊத்துறாருன்னு நினைக்கிறேன். நரம்பு என்ன கத்தினாலும் தசைக்குக் கேக்காது.”

“என் பொழப்பையே கெடுக்கப் பாத்தியேய்யா!” என்று தையல்காரர் ஐயாவைப் பிடிக்கத் திரும்பினார். ஐயா அதற்குள் பின்வாசல் வரை போய்விட்டார். தூரத்தில் இருந்ததால் எல்லார் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தார்.

கண்ணை அகலமாக்க மருந்து இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருப்பதை வேலை வாங்க மருந்தில்லை. அதை வைத்திருப்பவர்தான் முயன்று பார்க்க வேண்டும்.