ஏதென்ஸுக்குப் போன குக்கர்

குக்கருக்குள் சாக்ஸைத் திணிப்பதா, சாக்ஸுக்குள் குக்கரைத் திணிப்பதா என்று வெள்ளியங்கிரி, நியூயார்க் பக்கத்து எடிசன் ஊரில் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். மேலே அவர் மனைவி நாகமணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க! கீழ என்ன பண்றீங்க? ஊபர் வர்றதுக்கு அரை மணிதான் இருக்குது."

"ஷூ தேடறேன் நாகு!"

"காலையில இருந்து அதைப் போட்டுட்டுத்தானே சுத்திட்டிருக்கீங்க!"

வெள்ளியங்கிரி குனிந்து காலைப் பார்த்தார். ஷூ இருந்தது. அவசரமாக மூன்று கப் எலெக்ட்ரிக் குக்கருக்குள் பொன்னி அரிசியையும் துவரம்பருப்பையும் கொட்டி மூடினார். சுற்றிலும் சாக்ஸை அடைத்து, தன் பெட்டியின் அடியில் புதைத்தார்.

கட்டிய மனைவிக்குத் தெரியாமல் ஒரு மனிதர் ஏன் குக்கர் கடத்த வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? மே மாதக் கடைசியில், நாகமணியின் தோழி விசாலாக்ஷி வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்தில் வந்த வினை அது.

அன்று சாப்பாடு முடிந்ததும் நாகமணி சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்லக்கில் பாத்திரம் மாறிப்போகும் என்று, வீட்டில் உள்ள அத்தனைக்கும் அடியில் டேப் ஒட்டித் தன் பெயரை எழுதி வைத்திருப்பாள். கொல்லைப்புறத்தில் வெள்ளியங்கிரி பதினோரு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண நாளுக்கு நாலு நாள் ஏதென்ஸ் போறோம். எங்க நாகு இருக்காளே, சொர்க்கத்துக்குப் போனாலும் ரைஸ் குக்கரைக் கையில புடிச்சுட்டுத்தான் போவா!"

எல்லோரும் சிரித்தார்கள். நாகமணி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இருபத்திநாலு வருசமா யாருக்காகங்க அதைப் புடிச்சுட்டிருக்கேன்? உங்க நியூயார்க் ட்ரெயினுக்காக அஞ்சரைக்கு எந்திரிக்கிறேன். உங்களுக்கு டப்பா கட்டிட்டு, என் டப்பாவையும் கட்டிட்டு, நானும்தான் வேலைக்கு ஓடறேன். ஒரு நாளாச்சும் சோறில்லாம இருந்திருக்கீங்களா நீங்க?"

"ஓ, இருப்பேனே!"

"அப்படியா? இதோ சொல்றேன், எல்லாரும் கேளுங்க. ஏதென்ஸ்ல நாலு நாளும் கரண்டியைத் தொட மாட்டேன். சோறு திங்க மாட்டேன், நீங்களும் திங்கக்கூடாது. குக்கர், அரிசி எதுவும் வரக்கூடாது. யாரு கொண்டு வர்றாங்களோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா, நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் வாயைத் திறக்காம டப்பா கட்டறேன். நீங்க தோத்தா, ரெண்டு டப்பாவும் இனி நீங்கதான் கட்டோணும். சரிங்களா?"

பதினோரு பேர் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?

"சரி" என்றார் வெள்ளியங்கிரி.

"நான் சாட்சி!" என்றாள் விசாலாக்ஷி.

ஏதென்ஸில் பழைய நகரத்துச் சந்து ஒன்றில் சின்னக் குடும்ப ஹோட்டல். வாசலில் நாரத்தை மரம் மாதிரி ஒரு ஆரஞ்சு மரம், அதன் கீழ் மூன்று பூனைகள். ஹோட்டல்காரம்மாவே கணக்கெழுதி, அவரே காலைச் சாப்பாடும் செய்தார்.

வியாழக்கிழமை, வந்த அன்றே சோதனை வந்தது. மதியம் ஒரு கடையில் வெள்ளியங்கிரி படத்தைப் பார்த்துத் தக்காளி ஒன்று கேட்டார். வேக வைத்த பெரிய தக்காளி வந்தது. மேல் மூடியைத் திறந்தால், உள்ளே சுடச்சுடச் சோறு! அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"நிறுத்துங்க" என்றாள் நாகமணி.

"நாகு, சத்தியமா எனக்குத் தெரியாது. தக்காளின்னுதான் நினைச்சேன்."

"அப்ப தக்காளியைத் தின்னுங்க."

ஸ்பூனை வாங்கி, சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்து ஓரமாக வைத்தாள். அவர் தோலைத் தின்றார். அந்தச் சோற்றைக் கடைப் பூனை ஒன்று தின்றது. பூனையை அவர் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாகமணி பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வெயிலுக்கு முன்னாடி ஒரு வாக்கிங் போய்ட்டு வந்தர்றேன்."

கதவு சாத்தியதும் வெள்ளியங்கிரி குளியலறைக்குள் பாய்ந்தார். அரிசியும் பருப்பும் களைந்து, குக்கரை அடாப்டரில் செருகி, சுவிட்சைத் தட்டினார். நம் ஊர் அரிசிம்பருப்பு சாதம் இன்னும் இருபது நிமிடத்தில்!

'டப்' என்றது குக்கர். நீலமாக ஒரு பொறி. கரும்புகை. விளக்கு அணைந்தது. அலாரம் அலறியது. ஹோட்டல் முழுக்க இரவு உடையோடு தெருவில் வந்து நின்றது.

பக்கவாட்டுக் கதவு வழியாக நாகமணியும் கை துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு? எந்த அறிவு கெட்ட ஜென்மம் இப்படிப் பண்ணுச்சு?"

கவுண்டரில் உதவிக்கு இருந்த இளம்பெண் வெள்ளியங்கிரியிடம் வந்தாள். "புகை உங்கள் அறையில் இருந்துதான் வந்தது, சார்."

"ஹேர் டிரையர்" என்றார் வெள்ளியங்கிரி.

அவள் அவர் தலையைப் பார்த்தாள். வழுக்கை காலை வெயிலில் பளபளத்தது. மரியாதை தெரிந்த பெண். ஃப்யூஸைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் ஓரமாகப் போய் மகன் சபரிக்கு ஃபோன் போட்டார்.

"டாட், அங்க டூ-தர்ட்டி வோல்ட்ஸ். நம்ம வீட்டு குக்கர் ஒன்-ட்வென்டி."

"அடாப்டர் போட்டேனேடா!"

"அது பின்னை மட்டும்தான் சேஞ்ச் பண்ணும், டாட். அண்ட் ஒய் இஸ் எவ்ரிபடி ஆஸ்கிங் மீ அபவுட் வோல்டேஜ்?"

"சரி சரி, அம்மா வர்றா" என்று வைத்துவிட்டார்.

இனி குக்கரை ஒழிக்க வேண்டும். அறையில் வைத்தால் தீய்ந்த நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஹோட்டலின் துணிப் பை ஒன்றில் போட்டு, முதுகுப்பைக்குள் வைத்தார். வழியில் குப்பைத் தொட்டி கிடைக்காதா என்ன? தொட்டிகள் கிடைத்தன. ஆனால் நாகமணி அவர் கையை விடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கல்யாண நாள் அல்லவா! கைகோத்துக்கொண்டே அக்ரோபோலிஸ் கோயில் குன்றில் ஏறினாள். அவர் முதுகில் குக்கரோடு ஏறினார். சூரியன் தலைக்கு மேல் தோசைக்கல்லாக நின்றது.

"பையில என்னங்க? இப்படி வேர்க்குது?"

"தண்ணி பாட்டில்."

"குடுங்க, தாகமா இருக்குது."

"காலி."

"காலி பாட்டிலுக்கா இத்தனை மூச்சு வாங்குது?"

நுழைவாயிலில் கடவுள் கண் திறந்தார். பெரிய பைகளை உள்ளே விடமாட்டோம், இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நாகமணி டிக்கெட் வரிசையில் நின்ற நேரத்தில், வெள்ளியங்கிரி துணிப் பையை மட்டும் உருவிக் கொடுத்தார்; முதுகுப்பை இளைத்து உள்ளே போகும் அளவுக்கு வந்துவிட்டது. டோக்கனை, இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துத் தூண் ஒன்றின் பக்கத்தில் இருந்த தொட்டியில் போட்டார். இறங்கும்போது பையை வாங்கவே இல்லை. நெஞ்சில் இருந்து மலை இறங்கியது. வயிற்றில் மட்டும் பசி ஏறியது.

அன்றும் மறுநாளும் அவர் ஆலிவும் பாலாடைக்கட்டியும் ரொட்டியுமாகக் காலம் தள்ளினார். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. நாகமணியோ தினம் ஆறு மணி வாக்கிங் போய்விட்டு, ஜம்மென்று திரும்பி வந்தாள். காலைச் சாப்பாடே வேண்டாம் என்றாள்.

"எப்படி நாகு உன்னால முடியுது?"

"மனசு திடமா இருக்கோணுங்க. நாக்கை அடக்கத் தெரியோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊபர் வாசலில் நின்றது. இன்னும் ஐந்து நிமிடம், தப்பித்துவிடலாம். அப்போது ஹோட்டல்காரம்மா உள்ளிருந்து ஒரு துணிப் பையோடு ஓடி வந்தார்.

"மேடம்! நேற்று மாலை அக்ரோபோலிஸில் இருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். பையில் எங்கள் ஹோட்டல் பெயர். பாத்திரத்துக்கு அடியில் உங்கள் பெயர்."

நாகமணி பையைத் திறந்தாள். கருகிய குக்கரைக் கவிழ்த்தாள். 'நாகமணி, எடிசன்' என்று அவள் கையெழுத்திலேயே டேப் ஒட்டியிருந்தது. மெதுவாக நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"தண்ணி பாட்டில்?"

வெள்ளியங்கிரிக்கு எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது. நாலு நாள் பசி அல்லவா!

"ஆமா, கொண்டு வந்தேன்! சோறு திங்கறது குத்தமா? பொள்ளாச்சில பொறந்தவன் நான். ஏதென்ஸ் என்ன, நிலாவுக்குப் போனாலும் சோறுதான் திம்பேன். எவன்கிட்ட வேணா சொல்லு!"

"தாராளமாத் தின்னுங்க சாமி. யாரு வேண்டாம்னா? ஆனா திங்கக்கிழமையில இருந்து ஆக்கறது நீங்க. ரெண்டு டப்பா. எனக்குப் பொரியல் தனியா."

"கட்டறேன்டி! உன்னை விட நல்லாவே கட்டறேன்!"

நாகமணி ஃபோனை எடுத்தாள். வாட்ஸப் குரூப்பில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "விசாலாக்ஷி, எல்லாரும் கேட்டுக்கங்க. இவரு தோத்துட்டாரு. நான் சொன்ன சொல்லு மாறலை. நாலு நாளா ஒரு பருக்கை சோறு என் நாக்குல…"

விரலை எடுக்குமுன் ஹோட்டல்காரம்மா குறுக்கே வந்தார்.

"மேடம், தினம் காலை ஆறு மணிக்கு என் அடுப்பில் ஏற்றிச் சோறு ஆக்கிச் சாப்பிட்டீர்களே, அந்தக் குக்கருக்கு அடியிலும் இதே பெயர்தான் ஒட்டியிருக்கிறது. அதையும் இந்தப் பையிலேயே வைத்துவிடட்டுமா?"