நாடி மாஸ்டரின் இரண்டு கிளிப்புகள்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் நாடி மாஸ்டரிடம் விரல் கொடுக்காத மனிதர் எவரும் இல்லை. இருந்தால், அவர் கப்பலை விட்டு இறங்காமலேயே திரும்பிப் போனவராக இருக்கவேண்டும்.

அவர் கணக்கு ரியூசன் வாத்தியார். வகுப்பில்லாத நேரமெல்லாம் விரலில் மாட்டும் ஒளிக் கிளிப்பும் லப்டொப்புமாக அலைவார். கிளிப்பின் வெளிச்சம் நாடித் துடிப்பைப் பிடிக்குமாம். அதைக்கொண்டு வாதமா, பித்தமா, கபமா என்று சொல்ல மெசினைப் பழக்குகிறாராம். ஒருநாள் மீன் சந்தையில் பாரைக்கு விலை பேசிக்கொண்டிருந்த என் விரலைப் பறித்தார்.

"மாஸ்டர், கை முழுக்க மீன் நாத்தம்!"

"மெசினுக்கு மூக்கில்லை. ஆடாமல் நில்லுங்கோ!"

நின்றேன். பாரையை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது நாடி பார்க்கும் முறை. முறை தவறாத மாஸ்டர் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என இரண்டு கிளிப் வைத்திருந்தார். மெசின் பார்த்துப் பழகுவதற்காக, வலையிழுத்து மூட்டு நொந்த ஆண்களைக் கையால் நாடி பார்த்து வாதம் என்று குறித்துக் கொடுத்தவர் ஆயுர்வேத டொக்டர் அம்மா. வெயிலில் கருவாடு காயப்போடும் பெண்களுக்குப் பெரும்பாலும் பித்தம் என்றார். மெசினும் தன்னைப்போலவே சொன்னால் மருந்தகத்தில் வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாஸ்டருக்கு அதுதான் உயிர். சோதனை நாளன்று கலியாண வேட்டியில் வந்து நின்றார்.

மெசின் எல்லாருக்கும் சரியாகச் சொன்னது. கைதட்டல்! கடைசி ஆள் நான். அவசரத்தில் பெண்களின் கிளிப்பை மாட்டிவிட்டேன். 'பித்தம்' என்றது. டொக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்து, வாதம் என்றார்.

மாஸ்டர் கிளிப்பை மாற்றினார். வாதம். திரும்ப மாற்றினார். பித்தம்.

"ஒரு பிழைதானே மாஸ்டர், வைச்சிட்டுப் போங்கோ" என்றார் டொக்டர்.

"ஏலாது டொக்டர். ஒரு கிளிப்பில வெளிச்சம் கொஞ்சம் மங்கல். இந்த மெசின் நாடி படிக்கேல்லை, எந்தக் கிளிப் எண்டுதான் படிச்சிருக்கு: மங்கலெண்டால் பித்தம், இல்லாட்டி வாதம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லப்டொப்பை மூடிய அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

அடுத்த வாரமே அவர் மீன் சந்தைக்கு வந்துவிட்டார், ஒரே ஒரு கிளிப்போடு. "முதலிலயிருந்து எடுக்கிறன்!" சனம் வள்ளங்களுக்குப் பின்னால் ஒளிந்தது.

நான் பாரையைக் கீழே வைத்தேன். "எந்தக் கை, மாஸ்டர்?"

"ரெண்டும் வேணும்."

அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டையும் நீட்டினேன்.